30 சட்டை, 150 புள்ளி

தைப்பூசத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது அக்கா மகன் வந்து நின்றான். "மாமா, இந்தத் தடவை பந்தல் டீசட்டையை நாமளே அடிச்சிடலாம். யூடியூப்ல பார்த்தேன், ரொம்பச் சுலபம்." அவனும் கூட்டாளிகளும் முப்பது பேர். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்காக ஜாலான் உத்தாமாவில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள். மஞ்சள் சட்டை, நெஞ்சில் சிவப்பில் 'தண்ணீர்ப் பந்தல்', முதுகில் வேலும் அவரவர் பெயரும். இவ்வளவுதான் கேட்டான். எனக்கும் ஹீட் டிரான்ஸ்ஃபர் வினைலைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

தேவை மூன்று பொருள்: வெட்டும் இயந்திரம், சூட்டுப் பிரஸ், வினைல் சுருள். வெட்டும் இயந்திரம் என்றதும் புதியவர்கள் காதில் விழும் பெயர்கள் கிரிக்கட், சில்லவெட் கேமியோ. இரண்டிலும் வீட்டு உபயோகத்துக்கு அதிகம் வாங்குவது 12 அங்குல அகலத்தில் வெட்டும் ரகம். விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். நான் ஒரு நண்பரிடம் கடன் வாங்கினேன். பிரஸ் மட்டும் சொந்தக் காசு: 38க்கு 38 சென்டிமீட்டர் தட்டு, முதலை வாய் போலத் திறக்கும் வகை. எந்தப் பிராண்ட் என்று சொல்லப் போவதில்லை. ஒரே வார்ப்பில் பத்துப் பெயரில் விற்கிறார்கள்.

வினைல் இரண்டு அடுக்கு. ஒரு பக்கம் கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் தாள். அதன்மேல் நிறம் கொண்ட மெல்லிய பாலியூரித்தேன் படலம், படலத்தின் முதுகில் சூட்டில் இளகும் பசை. பளபளக்கும் பக்கத்தைக் கீழே வைத்து, எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, கத்தி படலத்தை மட்டும் கீற வேண்டும். தாளைத் தொடக் கூடாது. என் தாத்தா நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பட்டை அறுபட வேண்டும், உள்ளே மரத்தில் காயம் படக் கூடாது, பட்டால் அந்த இடத்தில் முண்டு கட்டும் என்பார். கத்தியை எவ்வளவு நீட்டுவது என்று ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிப் பார்த்த அந்த முதல் மாலை முழுக்க அவர் நினைப்புத்தான். நான்காவது சதுரத்தில் ஆழம் பிடிபட்டது.

பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. இயந்திரத்தோடு வந்த மென்பொருளில் 'வேல்' என்று அடித்தேன். கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, புள்ளி லகரத்தை விட்டுத் தள்ளித் தனியாக மிதந்தது. ஆங்கில எழுத்தை வரிசையாக அடுக்கத் தெரிந்த மென்பொருளுக்குத் தமிழில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து இடம் மாறும் என்பது தெரிவதில்லை. 1985இலிருந்து முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்து வரும் முத்து நெடுமாறன் நம் மலேசியாக்காரர். ஆப்பிள் கருவிகளில் நாம் படிக்கும் தமிழ்ச் சங்கம் எழுத்துரு அவர் செய்தது. அப்படிப்பட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு 2020களில் 'வேல்' என்று ஒரு சொல்லை அடிக்க முடியவில்லை என்றால் எரிச்சல் வராதா?

வழி இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கும். அதில் அடித்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கோடுகளை ஒன்றிணைத்து, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். ஒன்றிணைக்க மறந்தால், இரண்டு வடிவம் மேலேறும் இடத்திலெல்லாம் கத்தி எழுத்தின் வயிற்றைக் குறுக்கே கீறிவிடும். வெட்டும் மென்பொருளுக்கு அதன்பின் அது வெறும் படம்தான், தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கடையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: அடிப்படைப் பதிப்பில் எஸ்.வி.ஜி. திறக்குமா, இல்லை அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

எழுத்துரு விஷயத்தில் அழகு பார்க்கக் கூடாது. மெலிந்த கோடும் வளைந்த வாலும் திரையில் கவர்ச்சியாக இருக்கும், பிரிக்கும்போது பிய்ந்து வரும். கூகுள் எழுத்துருக்களில் உள்ள 'பலூ தம்பி' தடித்து, முனை மழுங்கி, இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

வெட்டியபின் வேண்டாத வினைலை உரித்தெடுப்பதை ஆங்கிலத்தில் வீடிங் என்கிறார்கள். நமக்குக் களையெடுப்பு. கொக்கி ஊசியால் ஓரத்தைக் கிளப்பி, பின்னணியை ஒரே இழுப்பில் உரிப்பதைக் காணொளியில் பார்த்தால் சுகமாக இருக்கும். அதில் உரிப்பது பெரும்பாலும் 'லவ்', 'மாம்' போன்ற சொற்கள். 'தண்ணீர்ப் பந்தல்' என்பதில் புள்ளி மட்டும் ஐந்து: ண், ர், ப், ந், ல். முப்பது சட்டைக்கு நூற்றைம்பது. ஒவ்வொன்றும் நான்கு மில்லிமீட்டர் வட்டம், பிடிமானம் என்று எதுவும் கிடையாது. பின்னணியை இழுக்கும்போது அதுவும் கூடவே எழுந்துவிடும். ரகரத்தின் புள்ளி போனால் பார்க்கிறவனுக்கு அது காலா ரகரமா என்றே தெரியாது. எழுத்தின் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் புள்ளி ஊசிமுனை அளவுக்குச் சிறுத்துக் கத்தியிலேயே சுருண்டுவிடுகிறது. மூன்று சென்டிமீட்டர் வைத்தேன். புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினேன். உரிக்கும் கை மேலிருந்து கீழாக, தாளோடு தாளாகப் படிந்து போக வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் புள்ளி பறக்கும். ஒரு சட்டைக்கு முதலில் இருபது நிமிடம் பிடித்தது, பழகியபின் ஏழு.

ஒரு முறை திருப்பிப் போட மறந்தும் வெட்டினேன். அரை மீட்டர் சிவப்பு வினைல் குப்பைக்குப் போனது.

பிரஸ் பற்றி. கடைக்காரர் சொன்னபடி 150 டிகிரி, 15 நொடி வைத்தேன். முதல் சட்டையில் நடு எழுத்துகள் ஒட்டின, ஓரத்து 'ல்' தாளோடு திரும்பி வந்தது. அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டிப் பார்த்தால் நடுவில் 150, மூலையில் 138. மலிவான தட்டுகளில் இது சகஜம் என்று பிறகு தெரிந்தது. எழுத்தைத் தட்டின் நடுவிலேயே வைத்து அடித்தால் பிரச்சினை தீரும், வரி நீளமானால் இரண்டு தடவை அடிக்க வேண்டும். இன்னொன்று ஈரம். இங்கே அலமாரியில் மடித்து வைத்த பருத்திச் சட்டைகூட ஈரம் குடித்துத்தான் இருக்கும். வினைல் வைப்பதற்கு முன் வெறும் சட்டையை ஐந்து நொடி அழுத்தினால் ஆவி எழுவது கண்ணுக்குத் தெரியும். அதைச் செய்யாத சட்டையில்தான் பிறகு ஓரம் கிளம்பியது. கழுத்துத் தையல் தட்டின்மேல் ஏறினால் அழுத்தம் அங்கேயே நின்றுவிடும். தையலைத் தட்டுக்கு வெளியே தொங்க விடுங்கள்.

இஸ்திரிப் பெட்டி போதாதா என்று அக்கா கேட்டார். அடித்துப் பார்த்தேன். நீராவி ஓட்டை இருக்கும் இடத்தில் சூடு இல்லை, அழுத்தம் கை வலிக்கும் வரைதான். ஒரு பெயருக்குச் சரி, முப்பதுக்கு ஆகாது. என் பிரஸ் 1,400 வாட் இழுக்கிறது. மூன்று ஊசிப் பிளக்கின் 13 ஆம்பியருக்குள் அடங்கும், ஆனால் நகரத்துப் பழைய கடைவீடுகளில் இருக்கிறவர்கள் நீட்டிப்புக் கம்பியில் இதையும் மின்சாரச் சட்டியையும் சேர்த்துப் போட வேண்டாம்.

பையன்களில் நான்கு பேர் மைக்ரோஃபைபர் ஜெர்சிதான் வேண்டும் என்று அடம் பிடித்தார்கள். 150 டிகிரியில் தட்டின் சதுரம் அப்படியே பளபளவென்று துணியில் பதிந்தது. குறைந்த சூட்டு வினைல் வாங்கி 130க்கு இறக்கியபின் சரியானது. சிவப்பு ஜெர்சியில் வெள்ளைப் பெயர் அடித்துக்கொண்டவனுக்கு வேறு கதை. மூன்றாம் நாள் வெள்ளை இளஞ்சிவப்பானது. பாலியெஸ்டரின் சாயம் சூட்டில் கிளம்பி வினைலுக்குள் ஏறிவிடும். அதைத் தடுக்கும் வினைல் தனியாக உண்டு, விலையும் கூட.

அணிந்து பார்த்ததில் ஒரு குறை. முதுகில் வரும் வேல் படத்தை நான் முழுக்க நிரப்பிய வடிவமாக வெட்டியிருந்தேன். வினைலுக்குள் காற்று போகாது. பகல் வெயிலில் 513 படி ஏறி இறங்கியவன், "முதுகுல பிளாஸ்டர் ஒட்டின மாதிரி இருக்கு மாமா" என்றான். வெளிக்கோடு மட்டும் போட்டிருக்க வேண்டும்.

பத்துச் சலவை ஆயிற்று. 24 மணி நேரம் காத்து, உள்புறம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காய்ந்த சட்டைகள் புதிதுபோல் இருக்கின்றன. தெருமுனை டோபியில் கடும் சூட்டு உலர்த்தியில் போட்டெடுத்த மூன்று சட்டையில் முதலில் கிளம்பியது எது என்று சொல்ல வேண்டியதில்லை. டெஃப்லான் தாள் வைத்து மறுபடி பத்து நொடி அழுத்தினேன், இரண்டு புள்ளி உட்கார்ந்துவிட்டன.

முப்பது சட்டையிலும் ஒரே படம் வேண்டுமென்றால் இதைச் செய்யாதீர்கள். இப்போது டி.டி.எஃப். ஃபிலிம் அச்சடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. பல நிறமும் வரும், களையெடுப்பும் இல்லை, வாங்கிவந்து பிரஸ்ஸில் அடித்தால் போதும். நெஞ்சு எழுத்தை நான் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். வினைல் தன் காசைச் சம்பாதித்தது முதுகில்: முப்பது பெயர், ஒவ்வொன்றும் வேறு. கடைசி நேரத்தில் சேர்ந்த இருவருக்கு இரவு பதினொரு மணிக்கு அடித்துக் கொடுத்தேன். அந்த வேலையை எந்தக் கடையும் அந்நேரத்தில் தொட்டிருக்காது. ஆகவே புதியவர்கள் பிரஸ்ஸை முதலில் வாங்குங்கள். வினைலோ ஃபிலிமோ, இரண்டுக்கும் அது வேண்டும். வெட்டும் இயந்திரத்தைக் கொஞ்ச நாள் கடன் வாங்கியே ஓட்டலாம். நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அக்கா தன் பலகாரக் கடைக்கு நான்கு ஏப்ரன் கேட்டிருக்கிறார், 'முறுக்கு, அதிரசம்' என்று போட வேண்டுமாம். எண்ணிப் பார்த்தேன், இரண்டு புள்ளிதான்.