இடிபாடுகளை அள்ளக் காசில்லை: றவுல் பெக்கின் 'கொல்லும் உதவி'

2010 ஜனவரி 12இல் ஹெயிட்டியைத் தாக்கிய நிலநடுக்கம் 7.0 அளவு. ஆறு வாரங்களின் பின் சிலியில் நிகழ்ந்தது 8.8. சிலியில் இறந்தோர் ஏறத்தாழ ஐந்நூறு பேர். ஹெயிட்டியின் எண்ணிக்கை இன்றும் சர்ச்சைக்குரியது. அரசின் கணக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டுகிறது. ஹெயிட்டியில் நடுக்கம் தலைநகருக்கு அருகே, ஆழமின்றி நிகழ்ந்தது என்பது உண்மைதான். ஆனால் அங்கே சரிந்தவை, கண்காணிக்க யாருமின்றி மலிவுச் சீமெந்தில் எழுந்த கட்டடங்கள். சுதந்திரத்துக்கு 'நட்டஈடு' என 1825இல் பிரான்ஸ் சுமத்திய கடனின் தொடர்ச்சியை 1947வரை கட்டிய நாடு அது.

பெக்கின் 2013ஆம் ஆண்டு ஆவணப்படம் நடுக்கத்தைவிட அதன்பின் வந்த 'உதவி'யையே விசாரிக்கிறது. மீள்கட்டுமான ஆணைக்குழுவின் இணைத்தலைவர்கள் ஹெயிட்டிப் பிரதமர் பெல்றீவும் பில் கிளின்ரனும். தனது ஆட்சிக்கால அரிசிக் கொள்கை ஹெயிட்டி விவசாயிகளைக் கெடுத்தது என்று 2010 மார்ச்சில் ஒப்புக்கொண்ட அதே கிளின்ரன்தான்! இடிபாடுகளை அகற்ற மட்டும் கொடையாளிகளுக்கு மனம் வரவில்லை. அள்ளிப்போன கல்லின்மேல் பெயர்ப்பலகை நட முடியாதல்லவா. அவசர நிவாரணப் பணத்தில் ஹெயிட்டி அரசின் கைக்கு வந்தது நூற்றுக்கு ஒன்றளவே.

ஒக்டோபரில் கொலராவும் வந்தது. ஐ.நா. படைமுகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் பரவிய நோய் அது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். (இதே ஐ.நா. படையிலிருந்துதான் 2007இல் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கை இராணுவத்தினர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பியனுப்பப்பட்டனர் என்பதை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.)

இவ்வளவும் சரி. எனினும் படத்துடன் எனக்கு ஒரு பிணக்கு உண்டு. டுவாலியே ஆட்சிக்குத் தப்பிய குடும்பத்தில் வந்து, கொங்கோவில் வளர்ந்து, பேர்லினில் சினிமா பயின்றவர் பெக். 1996-97இல் ஹெயிட்டியின் கலாசார அமைச்சராகவும் இருந்தவர். அவரது கமெரா கூட்ட அறைகளில் அதிகம் உட்கார்ந்துவிடுகிறது. அந்நியரைப் பார்க்கும் கூர்மை தனது வர்க்கத்தின் பக்கம் திரும்பும்போது மழுங்குகிறது. தமது காணிகளில் கூடாரமடித்த அகதிகளை ஆள்வைத்து விரட்டியவர்களும் ஹெயிட்டியர்களே. எம்மவரின் குற்றத்தைச் சொன்னால் அது அந்நியனுக்கு ஆயுதமாகிவிடும் என்ற அச்சம் நாடுகடந்து வாழும் எமக்கும் பழக்கமானதே. அந்தக் காணிச் சொந்தக்காரர்களிடம் பெக் தனது கமெராவைக் கொண்டுபோயிருந்தால், கிளின்ரன்மீதான அவரது குற்றச்சாட்டு எந்தவகையிலும் பலவீனப்பட்டிராது.