வாடையில் வெடித்த குதிகால்

நெடுநல்வாடையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். வாடைக் காலத்தில் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பதை 188 அடிகளில் நக்கீரர் நுணுக்கமாகச் சொல்கிறார். குளிருக்கு ஒவ்வாத சந்தனத்தோடு அதை அரைக்கும் வட்டக்கல்லும் சும்மா கிடக்கிறது. வேறு நறுமணக் கூட்டுகளை ஏவலர் அரைக்கிறார்கள். போருக்குப் போன அரசனை நினைத்து வருந்தும் அரசியின் பாதங்களை மகளிர் வருடுகிறார்கள்.

அரைத்த விரல்களும் வருடிய கைகளும் அந்தக் குளிரில் எப்படி இருந்தன? பாட்டு சொல்வதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குத் தந்தது எந்த உரையாசிரியருமல்ல, அம்மாவின் குதிகால். மார்கழியில் விடியுமுன் ஈர வாசலில் வெறுங்காலோடு கோலம் போடுவாள். பிறகு பாத்திரம், துணி. தண்ணீரும் சோப்பும் தோலின் எண்ணெய்ப்பசையைப் போக்கிவிடும். உறைந்த தேங்காயெண்ணெயை உருக்கி எங்கள் முகத்தில் தடவுவாள். உள்ளங்கையில் ஒட்டியிருப்பதுதான் அவளுடைய வெடிப்புக்கு.

இன்றைய பனிக்கால அழகுக் குறிப்புகளும் முகத்தைத்தான் பார்க்கின்றன. ஈரம் காயுமுன் எண்ணெய் தடவச் சொல்கின்றன. நல்ல யோசனைதான். நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கும் கைக்கு ஈரம் எப்போது காய்கிறது? அம்மாவின் குதிகாலுக்கு முதல் மருந்து, அந்தப் பாத்திரங்களை வீட்டு ஆண்கள் கழுவுவது.