தன்னியக்கமும் தன்னாட்சியும்: தரவுத்தளப் பணிச்சுமை மேலாண்மை குறித்து ஒரு திறனாய்வு

உடலைப் பேணும் நரம்பு மண்டலம்போல் கணினியும் தன்னைத் தானே பேணிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை ஐபிஎம் நிறுவனம் 2001இல் முன்வைத்தது. தானே உகப்பாக்கிக்கொள்ளுதல் அதன் நான்கு பண்புகளுள் ஒன்று. ஆரக்கிள் நிறுவனம் 2017இல் அறிவித்த தரவுத்தளமோ தன்னாட்சி என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கியது. முன்னது இயக்கத்தைச் சுட்டுவது; பின்னது ஆட்சியைச் சுட்டுவது. இரண்டையும் ஒரு சொல்லால் வழங்கும்போது, முடிவெடுப்பவர் யார் என்னும் வினா மறைந்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டை விளக்கத் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப் தக்க சான்று. அங்குள்ள பெரியாறு புனல்மின் நிலையம் தொடக்கத்தில் 35 மெகாவாட் திறனுள்ள நான்கு மின்னாக்கிகளுடன் அமைந்தது. மின்சுமை மாறும்போது விசையாழிக்குச் செல்லும் நீரைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தைச் சீராக்குவது கவர்னர் என்னும் கருவி, அது தன்னியக்கம். ஆயின் முல்லைப்பெரியாறு அணையிலிருந்து எவ்வளவு நீர் வரவேண்டும் என்பதை அக்கருவி முடிவு செய்வதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும், 1886ஆம் ஆண்டுக் குத்தகையும், 1970ஆம் ஆண்டு ஒப்பந்தமும், நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த இசைந்த 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதற்கு எல்லை வகுக்கின்றன.

தரவுத்தளத்திலும் இதே நிலை. ஒரே வேளையில் வினவல்கள் பெருகினால் நினைவகத்துக்கும் பூட்டுகளுக்கும் போட்டி மூண்டு, மொத்த வேலையே தேங்கும். பணிச்சுமை மேலாளர் மறுமொழி நேரத்தை அளந்து, உள்ளே விடும் வினவல்களின் எண்ணிக்கையைத் தானே திருத்துகிறது. எந்த வினவல் முந்த வேண்டும், எது காத்திருக்கலாம் என்னும் தரவரிசையை மட்டும் அது கண்டுபிடிப்பதில்லை; அது மனிதர் வகுத்துத் தருவது. நிருவாகிகள் தரும் குறிக்கோளின்படியே இத்தகு அமைப்புகள் இயங்கும் என்பதைக் கெஃபார்ட், செஸ் ஆகியோரின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஏற்கிறது.

சராசரி மறுமொழி நேரம் குறைந்தது என்பது மட்டுமே வெற்றியன்று. பலர் விரைவு பெற, சிலர் நெடுநேரம் காத்திருந்தாலும் சராசரி குறையலாம். வாய்க்காலின் தலைமடை நிறைந்ததைக் கொண்டு கடைமடையைக் கணிக்க இயலாது. பொதுத்துறைத் தரவுத்தளங்களில் கடைமடையில் நிற்பது, சான்றிதழுக்காகக் காத்திருக்கும் குடிமகன்.

ஆகவே, தானே உகப்பாக்கும் அமைப்பு பற்றிய ஆய்வுகள், அது யாருக்காக உகப்பாக்குகிறது, முன்னுரிமையை வகுத்தவர் யார் என்பவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். அதுவரை அதனைத் தன்னியக்கம் என்பதே பொருந்தும். தன்னாட்சி என்பது மிகை.