கொடிவழி ஆராய்ச்சியும் தோட்டத் தமிழரும்

குடும்ப வரலாறு தேடுவது மேல்நாடுகளில் ஒரு தனிப்படிப்பாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1894 ஆம் ஆண்டிலும், இலண்டன் மாநகரில் 1911 ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சங்கங்கள் தோன்றின. அவை பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடுகளைத் திரட்டின, நூலகங்கள் அமைத்தன, தொடக்க நிலை, உயர்நிலை என்று வகுப்புகளும் நடத்தலாயின. இன்று இணையத்தின் வழியே உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அப்பாடங்களைக் கேட்கலாம். பாட்டன் பூட்டன் வந்த வழியை அறிய விரும்பும் மலேசியத் தமிழ் இளைஞருக்கும் கைக்கு எட்டும் ஆசான்கள் இவர்களே. ஆர்வம் போற்றத்தக்கது. ஆயின், கற்பிக்கப்படும் முறை தோட்டத் தமிழரின் குடும்பத்திற்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை யாரேனும் ஒருவர் உரைத்துப் பார்த்தாக வேண்டும். பொருந்தாத முறையைக் கற்றவர், இரண்டாம் தலைமுறையிலேயே முட்டுச்சுவரில் மோதிக்கொண்டு, ‘எங்களுக்கு வரலாறு இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். கேடு அதில்தான் இருக்கிறது.

டெங்கில் வட்டாரத்தையே சான்றாகக் கொள்ளலாம். இவ்வூருக்கு அண்மையில் இருந்த பிராங் பெசார் தோட்டம், முதல் உலகப் போரில் பங்குகொண்ட ஆங்கிலேயப் படையினர் 1921 இல் காடு திருத்தி அமைத்தது. மலாய் மொழியில் அப்பெயருக்குப் பெரும்போர் என்பது பொருள். அங்கே ஒரு ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் புகழுடன் விளங்கிற்று. அங்கு உருவான மரவகைகள் தோட்டத்தின் முதலெழுத்துகளைத் தாங்கிப் பி.பி. என்று பெயர்பெற்றன. பி.பி. 260 என்னும் மரத்திற்குத் தாய் பி.பி. 5/51, தந்தை பி.பி. 49. அந்தத் தாய்மரத்திற்கும் தாய் பி.பி. 56, தந்தை பி.பி. 24 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாடெங்கும் பரவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்தின் தந்தை பிராங் பெசாரின் பி.பி. 86, தாய் ஜாவாவிலிருந்து வந்த ட்ஜிர் 1. மரத்தைப் பெற்றவர் இன்னார், பெற்றவரைப் பெற்றவர் இன்னார் என்பது ஆராய்ச்சியாளர் ஏட்டில் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. அம்மரங்களில் பால்வெட்டியவர்களோ செக்ரோலில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மாத்திரமே. மரத்திற்குக் கிடைத்த கொடிவழி மனிதருக்குக் கிடைக்கவில்லை. 1990களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது பிராங் பெசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் மக்களும் பெயர்க்கப்பட்டு, டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒருவர் மேல்நாட்டுச் சங்கத்தின் பாடத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

முதற்பாடம் குடும்பப் பெயரைப் பற்றியது. பல தலைமுறைக்கு மாறாத ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்க என்பது அதன் சாரம். தமிழருக்கோ தந்தையின் பெயரே முன்னெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். மலேசிய அடையாள அட்டையில் வரும் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்னும் சொற்களும் ஒரு படி மேலே ஏற்றிவிட்டு நின்றுவிடுகின்றன. தாயின் பெயருக்கு அங்கு இடமே இல்லை. ஆசிரியப் பயிற்சியில் எடுத்த எடுப்பிலேயே சொல்லித்தருவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்னும் நெறி. மேல்நாட்டுச் சங்கங்களும் ‘உன்னிலிருந்து தொடங்கு’ என்று அதையே கூறுகின்றன. ஆனால் மாணவனுக்குத் தெரிந்தது எது என்பதை அவர்கள் தங்கள் ஊர் மாணவனை வைத்தே முடிவு செய்துவிட்டார்கள்.

அடுத்தது வம்ச அட்டவணை. தேடுபவர் 1, தந்தை 2, தாய் 3, தந்தையின் பெற்றோர் 4, 5, தாயின் பெற்றோர் 6, 7. எந்த எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை. அதனுடன் ஒன்று கூட்டினால் தாய். கணக்கு அழகானது. ஆனால் அக்காள் மகளை மணந்தவரின் பிள்ளை இதில் தன் பெயரை எழுதட்டும். அவனுடைய தாயைப் பெற்றவள், அதாவது 7 ஆம் எண்ணுக்குரியவள், அவன் தந்தைக்கு உடன்பிறந்த அக்காள். ஆகவே அவளுடைய பெற்றோராகிய 14, 15 என்போரும், தந்தையின் பெற்றோராகிய 4, 5 என்போரும் ஒருவரே! அதே கிழவர் ஒரு வழியில் பாட்டன், மறுவழியில் பூட்டன். மேல்நாட்டு நூல்கள் இதனை வம்சம் சுருங்குதல் என்று பெயரிட்டு, அரச குடும்பங்களில் காணும் விந்தையாகக் கடைசிப் பாடத்தில் வைக்கும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று முறைவைத்து மணந்து வந்த தமிழ்க் குடும்பத்திற்கு இது விந்தையன்று. அன்றாடம் கண்டது, முதற்பாடத்திலேயே வந்திருக்க வேண்டியது. இதை அறியாத மாணவன் கிழவரை இருவராக்கி எழுதிவிட்டு, மற்றவரின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைவான்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், இருவரை ஒருவராக்கிவிடுவது எளிது. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபுதானே! ராமசாமி மகன் முனியாண்டி, முனியாண்டி மகன் ராமசாமி என்று பெயர்கள் மாறிமாறி வரும்போது, ஆண்டு குறிக்காத ஒரு பதிவு பாட்டனுடையதா பேரனுடையதா என்று எப்படிச் சொல்வது? உறவுச் சொற்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘மாமா கூட்டிக்கொண்டு வந்தார்’ என்று ஒரு மூதாட்டி சொன்னால், அவர் தாயுடன் பிறந்தவரா, அத்தையின் கணவரா, பின்னாளில் மாமனார் ஆனவரா என்று கேட்டுத் தெளிய வேண்டும். சில சமயம் மூவரும் ஒருவராகவே இருப்பர். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட உறவுகளைத் தமிழ் பிரித்தும், ஆங்கிலம் பிரித்தவற்றைத் தமிழ் சேர்த்தும் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட கேள்வித்தாளை வைத்துக்கொண்டு தமிழ்ப் பாட்டியிடம் விடை வாங்கினால், விடை பிழைபடாமல் என் செய்யும்?

ஏடுகளைப் பற்றிய பாடத்திற்கு வந்தால் ஏமாற்றம் மிகுதி. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத்தில் சென்ற 152,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா, உடலின் அடையாளம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. மொரீசியஸின் மகாத்மா காந்தி நிலையத்தில் குடியேறியவர்களின் நிழற்படங்கள்கூட உள்ளன. பிரிஜ் லால் என்ற வரலாற்றாசிரியர் பீஜித்தீவுக்குச் சென்ற வட இந்தியரின் பயணச் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 1983 இல் ஒரு நூலே எழுதினார். இவற்றின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. மொரீசியஸில் உள்ள இந்திய வம்சாவளியினரின் ஏழாம் தலைமுறைக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமை அட்டை வழங்கும் ஏற்பாடு 2024 மார்ச் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. மூதாதையரை மெய்ப்பிக்க அவர்களிடம் தாள் இருக்கிறது.

நேட்டாலைப் போல ஆள்வாரியாகத் தேடக்கூடிய அத்தகைய பட்டியல் மலாயாவுக்கு அமையவில்லை. காரணம் நோக்கத்தக்கது. ஒப்பந்தக் கூலியை ஐந்தாண்டு கட்டிவைக்க வேண்டியிருந்தது. தப்பியோடினால் பிடிக்க வேண்டியிருந்தது. எனவே மச்சமும் தழும்பும்கூட எழுதப்பட்டன. மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910 இல் ஒழிந்தது. கங்காணி வழியாக வந்தவர்களோ சட்டத்தின் கண்ணில் கட்டற்றவர்கள். 1907 இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தைச் செலுத்தியது. எத்தனை தலைகள் என்ற கணக்கே அதற்குப் போதும். கெர்னியல் சிங் சந்து 1969 இல் வெளியிட்ட ‘மலாயாவில் இந்தியர்’ பற்றிய பெருநூலில் எண்கள் நிறைந்திருக்கின்றன. அந்நூலுக்கு ஈடான உழைப்பு அரிது. எனினும் அதன் அட்டவணைகளில் ஒரு பேரன் தன் பாட்டனைக் காணமுடியாது. அந்தக் குறை ஆசிரியருடையதன்று. அவர் கண்ட ஏடுகளுடையது.

ஆனால் அதே கங்காணி முறையில்தான் தோட்டத் தமிழருக்கான திறவுகோல் கிடக்கிறது. கங்காணி தோட்டத்திலிருந்து உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு தன் சொந்த ஊருக்குச் சென்றார். தன் உறவினரையும் அண்டை அயலாரையும் சேர்த்து நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாமுக்கு அழைத்து வந்தார். பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹமிலோ இறங்கிய அக்கூட்டம் பெரும்பாலும் ஒரே தோட்டத்திற்குச் சென்றது. பக்கத்துப் பக்கத்து லயங்களில் குடியிருந்தது. தமக்குள்ளேயே கொண்டு கொடுத்தது. ஆகவே, தன் பாட்டனின் ஊர் தெரியாதவர் அவருடன் வந்தவர்களின் ஊரைக் கேட்டால் போதும். பத்துக் குடும்பங்களில் ஒன்றாவது ஊரின் பெயரை மறவாமல் வைத்திருக்கும். அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்ஸ் இதே வழியை வேறு இடத்துக்கு வகுத்திருக்கிறார்: ஒருவரைப் பற்றிய சான்று கிட்டாதபோது அவருடைய நண்பர், கூட்டாளி, அண்டை வீட்டார் ஆகியோரைத் தொடர வேண்டும் என்பது அவர் நெறி. மேல்நாட்டு முறை முழுவதும் பயனற்றது என்று தள்ளுவோர் இதனைக் கருத வேண்டும். தோட்டத் தமிழருக்கு வேண்டிய பாடம் அங்கேயும் இருக்கிறது. தொடக்க வகுப்பில் இல்லை, அவ்வளவே.

ஊரின் பெயர் கிடைத்த பின்னரும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டி ‘திருச்சி ஜில்லா’ என்று சொன்ன ஊர் இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கலாம். ‘சேலம்’ என்றால் 1997 இல் பிரிந்த நாமக்கல்லிலும் தேட வேண்டும். ‘தென்னார்க்காடு’ என்பது கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எனப் பிரிந்து கிடக்கிறது. அங்கே போய் இறங்கியவருக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயர்தான். ஊர்கள் ஒரே பெயரில் பல இருக்கும். இன்ன அம்மனுக்கு இன்ன மாதத்தில் பொங்கல் வைக்கும் கூட்டம் என்றால் உள்ளூரார் உடனே கைகாட்டுவர்.

வாய்மொழியைச் சங்கங்கள் இரண்டாந்தரமாக நடத்துவதும் ஆராய்வதற்குரியது. எழுத்தில் உள்ளதே சான்று என்னும் கொள்கை, எழுதியவர் யார் என்பதை மறந்துவிடுகிறது. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதிய பெயர், தந்தைக்கு ஒருவாறும் மகனுக்கு வேறாகவும் நிற்கும். 1948 இல் அடையாள அட்டை வந்தபோது தம் பிறந்தநாள் அறியாதோர் பலர். வயது மதிப்பிட்டு எழுதப்பட்டதுண்டு. அதற்காக வாய்மொழி அனைத்தையும் வேதவாக்காகக் கொள்ளும் உணர்ச்சிப் போக்கும் ஏற்கத்தக்கதன்று. ‘எங்கள் பாட்டனார் ஊரில் பெரிய பண்ணையார், கோபித்துக்கொண்டு கப்பலேறினார்’ என்ற கதை பல குடும்பங்களில் ஒரே அச்சில் வார்த்தது போல் வழங்குகிறது. அத்தனை பண்ணையார்களும் ஒரே சமயத்தில் கோபித்துக்கொண்டிருக்க முடியாது! முரண்பட்ட சான்றுகளை ஒதுக்காமல் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து முடிவுக்கு வருக என்று சங்கங்கள் கூறும் விதி இவ்விடத்தில் பொன்போல் பயன்படும். பாட்டியின் சொல்லும் கிராணியின் ஏடும் அவ்விதியின் முன் சமமாக நிற்க வேண்டும்.

பெண்களின் நினைவைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஆண்கள் தந்தை வழியைச் சொல்வர். ஒப்பாரியில் பெண்கள் பிறந்த வீட்டையும் உடன்பிறந்தாரையும் சொல்லி அழுவார்கள். அடையாள அட்டை விட்டுவிட்ட தாய்வழி அங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது. இழவு வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். ஓய்ந்த பொழுதில் கேட்டால் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எந்த முறையும் எட்டாத இடம் ஒன்றுண்டு. 1943 இல் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர்களில் எண்ணற்றோர் பெயரின்றியே மடிந்தனர். இறந்த நாளும் இடமும் அறியப்படாத இவர்களுக்கு வம்ச அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். அதை ஊகத்தால் நிரப்பாமல், ‘சயாமுக்குப் போனார்’ என்று குடும்பம் சொன்ன சொல்லையே எழுதிவைப்பது நேர்மை.

சாதியைப் பற்றி இவ்வகுப்புகள் பேசுவதில்லை, பேச வேண்டும். நேட்டால் பட்டியலில் சாதிக்கு ஒரு தனிப் பத்தியே உண்டு. குலதெய்வத்தை விசாரித்தாலும் சாதி தெரிந்துவிடும். தேடியது கிடைத்ததும் அதைப் பெருமைக்கும் பெண் பார்ப்பதற்கும் எடுத்துக்கொள்வோர் இருப்பார்கள். ஒளித்துவைப்போரும் இருப்பார்கள். கிடைத்ததை உள்ளபடி எழுதி, ஊரறிய வெளியிடுமுன் குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெறும் கட்டுப்பாடு முதல் நாளிலேயே கற்பிக்கப்பட்டால் பல சண்டைகள் தவிரும்.

டெங்கிலில் இப்பணியைத் தொடங்குவோர் முதலில் நாடவேண்டிய ஏடு தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அன்று முதல் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் என்று தமிழாசிரியர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயரைத் தமிழ் அறிந்தவர் எழுதியது என்னும் சிறப்பு செக்ரோலுக்கு இல்லை. செக்ரோலையோ எல்லாக் காலத்துக்கும் வைத்திருக்க முதலாளிக்குக் கடப்பாடும் இல்லை. 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் ஊழியர் பதிவேட்டை ஆறு ஆண்டுகள் பேணினால் போதும் என்கிறது. 1960 இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குப் புத்தகம், சேமநிதிக் கடிதம், திருமணப் பத்திரிகை, கருமாதி அழைப்பிதழ் ஆகியவை பெட்டியின் அடியில் கிடக்கும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் உள்ளன. அங்கே செல்வதற்கு முன் தாமான் பெர்மாத்தாவின் நான்கு தோட்டத்தாரிடமும், எந்தக் கங்காணியின் ஆட்கள் எந்த லயத்தில் இருந்தார்கள் என்று கேட்டு ஒரு வரைபடம் போட்டுக்கொள்வது நலம். அந்த லயங்கள் இருந்த இடம் இப்போது புத்ராஜெயா. வரைபடத்தை நினைவிலிருந்துதான் போட முடியும்.