மருந்து யார் கையில்? புதுவையின் மாயக் கதைநாயகியர்

1912இல் புதுச்சேரியில் ‘பாஞ்சாலி சபதம்’ அச்சானபோது அதில் சபதம் இல்லை. வெளிவந்தது முதற்பாகம் மட்டும்: அழைப்புச் சருக்கமும் சூதாட்டச் சருக்கமும். அத்தினாபுரத்துக்குப் போகும் வழியில் பார்த்தன் காட்டும் அந்தி வானத்தைப் பாஞ்சாலி பார்க்கிறாள், அவ்வளவுதான். அவளை இழுத்து வந்ததும், அவள் கேட்ட கேள்வியும், விரித்த கூந்தலும் இரண்டாம் பாகத்தில் இருந்தன. அந்தப் பாகம் 1924இல்தான் அச்சேறியது. பாரதி இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அவர் உயிரோடிருந்தவரை, அவருடைய மிகப் பெரிய கதைநாயகி அச்சில் சபையேறிப் பேசவே இல்லை.

அடிபட்ட பெண் ஒருத்தி தேறி எழுந்து வல்லமை பெறும் கதை இன்று உலகெங்கும் மாயக் கதைகளின் விருப்பமான அச்சு. பெரும்பாலும் ஒரே வரிசைதான்: முதலில் காயம், பிறகு ஒரு குருவோ காதலனோ ஆற்றும் காலம், கடைசியில் சக்தி. ஆறினால்தான் ஆற்றல் என்பது அந்தக் கதைகளின் எழுதாத விதி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புதுவை நகரத்தில், நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் வாழ்ந்த மூன்று கவிஞர்கள் இப்படிப்பட்ட பெண்களை எழுதினார்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி, பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன், கடற்கரைப் பக்கம் அரவிந்தர். மூவரும் அந்த வரிசையைக் கலைத்துப் போட்டார்கள். காயம் ஆறியதா என்பதைவிட, மருந்து யார் கையில் இருந்தது என்று பார்த்தால் இந்தப் பெண்களை அடையாளம் காண்பது எளிது.

பாஞ்சாலி மருந்தையே மறுக்கிறவள். வியாசரின் மூலத்தில் அவையில் சபதம் செய்கிறவன் பீமன். பாஞ்சாலியின் கூந்தல் சபதம் பின்னால் வளர்ந்தது. வடமொழியில் பட்ட நாராயணரின் ‘வேணீசம்ஹாரம்’ அதை நாடகத்தின் மையமாக்கியது. தமிழில் வில்லிபுத்தூராரிடம் அது உண்டு. ஆனால் அது மக்கள் நெஞ்சில் வேர்விட்டது தெருக்கூத்தில். புதுவையைச் சுற்றிய பழைய தென்னார்க்காட்டு ஊர்களில் திரௌபதை அம்மன் தெய்வம்; அவளுடைய கோயில்களில் பல தர்மராஜா கோயில் என்றே வழங்கும். பாரதி குடியிருந்த தெருவின் பெயரிலேயே அந்தத் தர்மராஜா இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் பொது ஜனங்கள் விரும்பும் மெட்டிலும் எளிய சொல்லிலும் காவியம் செய்யப் போகிறேன் என்று முகவுரை எழுதிய கவிஞனுக்குக் கூத்து எட்டாத தூரத்தில் இருந்திருக்க முடியாது.

திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவின் கடைசிக் கட்டத்தில் வருவது படுகளம். விடிந்ததும் திறந்தவெளியில் மண்ணால் ஆன துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஆள் நீளத்தைப்போலப் பல மடங்கு உருவம், முறுக்கிய மீசை, உருட்டிய விழி. இரவெல்லாம் ஆடிய வேடங்கள் அப்படியே களத்துக்கு வரும். பீம வேடக்காரர் கதையால் தொடையில் அடிக்க, உள்ளே புதைத்த கலயத்திலிருந்து செந்நீர் வரும். திரௌபதை அதைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். அதன் பிறகுதான் தீமிதி. கூத்தில் சபதம் நிறைவேறுகிறது, ஊரே கண்ணால் பார்க்கிறது. பாரதி அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளவே இல்லை. சபதம் சொல்லி முடித்த கணத்தில் காவியத்தை நிறுத்திவிட்டார். குருதியும் இல்லை, போரும் இல்லை, முடிந்த கூந்தலும் இல்லை. தன்னைத் தோற்றுவிட்டவனுக்கு என்னை வைத்தாட என்ன உரிமை என்று கேட்டு, பீஷ்மரின் சாத்திர விளக்கத்தை உதறித் தள்ளுகிற அவளது பேச்சுதான் அவளுடைய ஆற்றல். கண்ணன் அருளால் சேலை வளர்வது அற்புதம்தான். ஆனால் அது மானத்தைக் காக்கிறதே தவிர அவளை ஆற்றுவதில்லை. காயம் திறந்திருக்கும்வரைதான் அவளுக்குப் பேச்சு. இதை அடிமைப்பட்ட நாட்டின் உருவகமாகப் படித்தே பழகிவிட்டோம். அது சரியான வாசிப்பே. இருந்தாலும் அதில் பெண் மறைந்து தேசம் மட்டும் மிஞ்சிவிடும் ஆபத்து உண்டு.

அதே பாரதி எழுதிய ‘குயில் பாட்டு’ நேர் எதிர்த்திசை. களமும் புதுவைதான், நகரத்துக்கு மேற்கே சிறிது தொலைவில் ஒரு மாந்தோப்பு. அங்கே பாடும் குயில், முற்பிறப்பில் சேரநாட்டு மலையில் வேடர் தலைவன் மகளாகப் பிறந்த சின்னக்குயிலி. மாமன் மகன் மாடனுக்கு இரக்கத்தால் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், நெட்டைக்குரங்கனுக்குத் தகப்பன் பேசி முடித்த மணம் மறுபக்கம், இடையில் வேட்டைக்கு வந்த சேர இளவரசன் மேல் காதல். மூன்று ஆண்களும் வெட்டிக்கொண்டு செத்த பிறகு, மறுபிறவியில் அவள் பறவையாகிறாள். மாடனும் குரங்கனும் பேயாகிப் பின்னாலேயே வருகிறார்கள். கவிஞனோடு காதல் பேசிய குயில் குரங்கோடும் மாட்டோடும் அதையே பேசுவதுபோல் தெரிவது அந்தப் பேய்களின் மாயை. பழைய துயரம் விடாமல் துரத்துவதற்கு இதைவிடத் துல்லியமான கற்பனை தமிழில் அரிது. தான் சொல்வதை எவனும் நம்பாதபடி செய்துவிடுவதுதான் பேய்கள் அவளுக்குச் செய்யும் கொடுமை.

விடுதலை எப்படி வருகிறது? கவிஞன் அவள் கதையைக் கேட்டு, மனம் இளகி, முத்தமிடுகிறான். பறவை பெண்ணாகிறது. அடுத்த கணமே மறைகிறது. கண் விழித்தால் அவனைச் சுற்றிப் பழைய ஏடுகளும் பத்திரிகைகளும் பாயும். ஆறுதல் கிடைத்ததும் அவளுக்குக் கதையில் வேலை இல்லாமல் போகிறது. மருந்து ஆணின் உதட்டில் இருந்தது, அதனால் அவள் அவனுடைய பகற்கனவாகவே முடிந்தாள். வேதாந்தமாக விரித்துப் பொருள் சொல்ல இடம் உண்டா என்று புலவர்களைச் சீண்டிவிட்டுப் பாட்டை முடிக்கிறார் பாரதி. புலவர்களும் நூறாண்டாக விரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சின்னக்குயிலி பெண்ணாக மாறிய பிறகு என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டவர்கள் குறைவு.

கனகசுப்புரத்தினம் என்ற பள்ளி ஆசிரியர், பாரதிதாசன் ஆனபின் 1930இல் வெளியிட்ட ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ மருந்தையே கதைப்பொருளாக எடுத்துக்கொண்டது. இலக்குவனை எழுப்பிய மூலிகை மலை அது. அங்கே வஞ்சி காதலன் குப்பனிடம் கேட்பது இரண்டு மூலிகைகள். ஒன்றைத் தின்றால் உலகத்தின் எந்த மூலையில் பேசுவதும் காதில் விழும், மற்றதைத் தின்றால் அதே இடம் கண்ணில் தெரியும். பறித்துத் தந்தால்தான் முத்தம் என்கிறாள். குப்பன் தயங்க, பெண்ணடிமை தீராமல் நாட்டின் அடிமை தீராது என்று வாதாடி அவனை மலையேற வைக்கிறாள். தின்றதும் அயல்நாட்டுக் குரல்கள் கேட்கின்றன. பிறகு தமிழ்க்குரல் ஒன்று. அனுமார் சஞ்சீவி மலையைப் பெயர்த்துத் தூக்குகிறார் என்று பாகவதர் கதை சொல்ல, தாங்கள் நிற்கும் மலையே கிளம்பப்போகிறது என்று குப்பன் நடுங்குகிறான். வஞ்சி சிரிக்கிறாள். இங்கே நோயாளி குப்பன், வைத்தியம் பார்ப்பவள் வஞ்சி.

சுயமரியாதைப் பிரசாரம் பாட்டின் பிற்பகுதியில் கொஞ்சம் உரக்கவே கேட்கும். வஞ்சிக்கென்று ஒரு காயமும் இல்லாததால் அவள் வளரவும் இடமில்லை. வரும்போதே முழு ஆளாக வருகிறாள். அந்தக் குறையைப் பாரதிதாசன் உணர்ந்தாரோ என்னவோ, பிற்காலக் கதைப்பாட்டுகளில் அடிபட்டவர்களை முன்னே நிறுத்தினார். ‘வீரத்தாய்’ விஜயராணி கிழவன் வேடத்தில் வந்து மகனுக்குப் பாடம் சொல்கிறாள். செஞ்சிக் கோட்டைக் கதையான ‘தமிழச்சியின் கத்தி’யில் சுப்பம்மா மானம் இழந்த பிறகு கத்தி எடுக்கிறாள். மாயம் குறைந்து வீரம் கூடிய கதைகள் இவை. இருவருக்கும் தேறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்த வரிசைக்கெல்லாம் மூத்தவள் காரைக்காலில் இருக்கிறாள். புதுவையிலிருந்து தெற்கே தள்ளியிருந்தாலும் பிரெஞ்சுக்காரர் காலம் முதல் ஒரே ஆட்சிக்குட்பட்ட ஊர். கணவன் கேட்ட மாம்பழத்தை இறையருளால் வரவழைத்துக் கொடுத்த புனிதவதியைக் கண்டு பரமதத்தன் பயந்து கப்பலேறி ஓடினான் என்கிறது பெரிய புராணம். வேறு மணம் செய்து, மகளுக்கு அவள் பெயரையே வைத்து, நேரில் வந்தவள் காலில் குடும்பத்தோடு விழுந்தான். மனைவியாக இருந்தவள் தெய்வமாக்கப்பட்டுக் கைவிடப்படுகிறாள். அவள் கேட்ட வரம் பழைய வாழ்க்கை அன்று. அவனுக்காகச் சுமந்த தசையை உதறிவிட்டுப் பேயுரு வேண்டினாள். தலையால் நடந்து கயிலை ஏறினாள். அந்த உருவத்தின் வற்றிய மார்பையும் குழிந்த கண்ணையும் நீண்ட பல்லையும் தன் பதிகத்திலேயே கூச்சமில்லாமல் எழுதினாள். அழகைத் திரும்பப் பெறுவதுதான் குணமாவது என்று இன்றைய மாயக் கதைகளில் பாதி இன்னும் நம்புகின்றன.

நம்பாத கதைகளும் உண்டு. அர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய ‘எர்த்சீ’ வரிசையில் மந்திரப் பள்ளி ஆண்களுக்கு மட்டும். 1990இல் வந்த ‘தெஹானு’வில் அதை அவரே கேள்வி கேட்டார். தீயில் தள்ளப்பட்டு ஒரு கண்ணை இழந்து ஒரு கை கருகிச் சிதைந்த சிறுமிக்கு எந்த மந்திரமும் வடுவை மாற்றவில்லை. கடைசியில் டிராகனை அழைப்பது அவள்தான், வடுவோடுதான்.

அரவிந்தரின் ‘சாவித்ரி’ அளவில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்: ஏறத்தாழ 24,000 அடிகள், ஆங்கிலத்தில். 1910இல் புதுவைக்கு வந்தவர் 1916 வாக்கில் தொடங்கி, 1950இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். கதையின் வேர் மகாபாரத வனபர்வத்தில். திரௌபதியைச் சயத்ரதன் கவர்ந்து போய் மீட்கப்பட்ட பிறகு, இவளைப் போன்ற பெண் வேறு உண்டா என்று தருமன் கேட்க, மார்க்கண்டேயர் சொல்லும் பதில் சாவித்ரி கதை. பாரதியின் நாயகிக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டவள் அரவிந்தரின் நாயகி. மாலை வேளைகளில் கூடிப் பேசிய இந்த இரு கவிஞர்களும் ஒரே இதிகாசத்துக்குள் ஆளுக்கொரு பெண்ணைத் தேர்ந்துகொண்டார்கள்.

குறையை முதலில் சொல்லிவிடலாம். நாற்பத்தொன்பது காண்டங்களில் இருபத்திரண்டு தகப்பன் அசுவபதியின் தவத்துக்கே போய்விடுகிறது. மகள் பிறப்பது நான்காம் நூலில். பொறுமையிழந்த வாசகரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஏழாம் நூலான யோக நூலுக்கு வந்தவர் ஏமாறமாட்டார். ஓராண்டில் கணவன் சாவான் என்று நாரதர் சொல்லிவிட்டார். காட்டுக் குடிசையில் சாவித்ரி அதை யாரிடமும் சொல்லாமல் விறகும் நீரும் சுமந்து பணிவிடை செய்கிறாள். இரவில் மட்டும் துயரம். மூலக் கதையில் அவள் செய்வது மூன்று நாள் நோன்பு. தமிழ்நாட்டு வீடுகளில் காரடையான் நோன்பாக நிற்பது அதுவே. அரவிந்தர் அந்த இடத்தில் பல காண்டங்கள் நீளும் உட்பயணத்தை வைக்கிறார். வழியில் மூன்று தேவியர் எதிர்ப்படுகிறார்கள். உலகத் துயரையெல்லாம் சுமப்பவள், வலிமை வடிவானவள், ஒளி வடிவானவள். ஒவ்வொருத்தியும் நான்தான் உன் ஆன்மா என்கிறாள். ஒவ்வொருத்திக்கும் அடியிலிருந்து அதன் கெட்டுப்போன எதிரொலி எழுகிறது: இரக்கத்துக்குக் கீழே புலம்பல், வலிமைக்குக் கீழே அகந்தை. சாவித்ரி எவளையும் தள்ளிவிடவில்லை. நீ என்னில் ஒரு பகுதி, மீண்டும் வருவேன் என்று சொல்லிக் கடக்கிறாள். துயரமே நான் என்று தங்கிவிடுவதும் சினமே நான் என்று தங்கிவிடுவதும் இரண்டும் பொறி என்று கண்ட இந்தப் பகுதியை எந்த மாயக் கதை எழுத்தாளரும் பொறாமையோடுதான் படிக்க வேண்டும். இங்கே குரு இல்லை, முத்தம் இல்லை, மூலிகை இல்லை. எமனோடு வாதாடும் வலிமை வருவது கணவன் சாவதற்கு முன்பே.

வென்று வீடு திரும்பிய பிறகு? இந்தக் கேள்வியைத் தமிழில் நேராக எடுத்தவர் புதுவைக்காரர் அல்ல. 1943இல் வந்த ‘சாபவிமோசன’த்தில் புதுமைப்பித்தன், கல்லிலிருந்து எழுந்த அகலிகையைக் கோதமனோடு அன்றாடக் குடித்தனத்துக்குள் விட்டார். ஒவ்வொரு சொல்லும் உள்ளர்த்தம் உடையதோ என்று அவள் குமைகிறாள். சீதையையும் தீக்குளிக்கச் சொன்னார்கள் என்று கேட்டதும் மீண்டும் கல்லாகிறாள். பாரதி சபதத்தோடு நிறுத்தினார். சின்னக்குயிலி மறைந்தாள். ‘சாவித்ரி’யிலோ வீடு திரும்பும் பகுதி பின்னுரையாக இருக்கிறது. ஆனால் அதுவும், சத்தியவான் சாகும் எட்டாம் நூலும் பழைய படியிலிருந்து லேசாகத் திருத்தப்பட்டவை. கண்பார்வை மங்கிய அரவிந்தர் சொல்லச் சொல்ல எழுதியவர் நிரோத்பரண். 1950 நவம்பரில் விதி நூலை முடித்தபோது, இந்த இரண்டும் பாக்கி என்று அவர் நினைவூட்டினார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம் அரவிந்தர். டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார்.