இலையுதிர் காலத்துச் செம்மண்

பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்தில், பூலோன் வனத்தை ஒட்டி இருக்கிறது ரோலண்ட் காரோஸ் அரங்கம். பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் போட்டி வழக்கமாக மே மாதக் கடைசியில் இங்கே தொடங்கி ஜூன் முதல் பாதியில் முடியும். உலகின் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் இன்று செம்மண் தளத்தில் நடப்பது இது ஒன்றுதான். கொரோனா பெருந்தொற்றால் 2020-ல் இந்தப் போட்டி நான்கு மாதம் தள்ளிப்போய், செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 11 வரை நடந்தது. வெயிலில் ஆடிப் பழகிய ஒரு கலையை இலையுதிர் காலத்துக் குளிரில் பார்க்கும் வாய்ப்பு ரசிகர்களுக்கு அந்த ஒரு முறைதான் கிடைத்தது. செம்மண் ஆட்டத்தின் அழகில் பருவத்தின் பங்கு எவ்வளவு, ஆடுபவர் கையின் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் பதினைந்து நாட்கள் பிரித்துக் காட்டின.

செம்மண் தளம் என்றும் களிமண் தளம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். உண்மையில் மேலே தெரிவது மண்ணே கிடையாது. அரைத்துச் சலித்த செங்கல் தூள். கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்லும் அதே பொருள். அதன் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதற்கு அடியில் நசுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே எரிந்த நிலக்கரியின் கட்டி, பிறகு சரளை, அடியாழத்தில் கல் என்று அடுக்கடுக்காகத் தளம் அமைகிறது. சுண்ணாம்புக்கல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழ் அடுக்குகள் மிஞ்சிய நீரை வடியவிடும். ஈரம் குறைந்தால் தூள் பறக்கும், கூடினால் சேறாகும். இரண்டுக்கும் நடுவில் தளத்தை நிறுத்துவது பராமரிப்பாளர்களின் கைத்திறன். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நீர் தெளிப்பார்கள். இடைவேளையில் வலையை இழுத்துத் தூளைச் சமன்படுத்துவார்கள், வெள்ளைக் கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்கிவிடுவார்கள்.

இந்த மெல்லிய தூள்தான் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றுகிறது. பந்து விழும்போது தூள் அதைப் பற்றிக்கொள்கிறது. வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. புல் தளத்தில் ஒரே அடியில் முடிந்துபோகும் புள்ளி இங்கே பத்து அடி, இருபது அடி என்று நீளும். ஆடுபவர் ஓடி வந்து நிற்பதில்லை. வழுக்கிக்கொண்டே வந்து, வழுக்கல் முடியும் கணத்தில் பந்தை அடிக்கிறார். பந்து பட்ட இடத்தில் தடம் பதிகிறது. சந்தேகம் வந்தால் நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மற்ற பெரிய போட்டிகளில் கேமரா செய்யும் வேலையை 2020-லும் இங்கே செங்கல் தூளே செய்தது.

செம்மண்ணின் பேரழகு டாப் ஸ்பின் அடியில் இருக்கிறது. மட்டையைக் கீழிருந்து மேலாக உரசி இழுக்கும்போது பந்து முன்னோக்கிச் சுழன்றபடி போகும். வலைக்கு மேலே நல்ல உயரத்தில் பறந்து, எல்லையைத் தாண்டிவிடும் என்று தோன்றும் நேரத்தில் சட்டென்று கீழே வளைந்து உள்ளே விழும். விழுந்ததும் தூளைக் கவ்விக்கொண்டு எதிராளியின் தோள் உயரத்துக்கு எகிறும். ஸ்பெயினின் ரஃபேல் நடால் இடது கையால் அடித்த போர்ஹேண்டில் பந்து நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 முறை சுழன்றதாக அளந்திருக்கிறார்கள். ஆனால் இந்த எகிறலுக்குச் சுழற்சி மட்டும் போதாது. உலர்ந்த தளமும் வெதுவெதுப்பான காற்றும் வேண்டும். வெப்பத்தில் பந்தின் ரப்பர் இளகுகிறது, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் கூடுகிறது, வெளிக்காற்றின் அடர்த்தி குறைகிறது. மே மாதத்துப் பாரிஸ் வெயில் நடாலுக்குத் துணையாக ஆடியது என்று விமர்சகர்கள் சொன்னது இதனால்தான்.

போட்டியைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு 2020 மார்ச் 17-ல் வந்தது. பிரான்சில் ஊரடங்கு நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே. மே 24-ல் தொடங்கவிருந்த போட்டி செப்டம்பர் 20-க்குப் போகிறது என்று பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பு அறிவித்தது. மற்ற அமைப்புகளைக் கலந்துகொள்ளாமல் எடுத்த முடிவு என்று ஆட்டக்காரர்கள் பலர் கசந்துகொண்டார்கள். அமெரிக்க ஓபன் முடிந்து ஒரே வாரத்தில் கடினத் தளத்திலிருந்து செம்மண்ணுக்கு மாறவேண்டிய நிலை. பிறகு இன்னும் ஒரு வாரம் தள்ளி, செப்டம்பர் 27 என்று நாள் உறுதியானது. அதே ஆண்டு விம்பிள்டன் அறவே ரத்தானதோடு ஒப்பிட்டால் பாரிஸின் பிடிவாதம் புரியும். போருக்குப் பிறகு 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சுப் போட்டி விம்பிள்டனுக்குப் பின் நடந்ததுண்டு. அதற்கப்பால் இலையுதிர் காலத்துக்குப் போனது இதுவே முதல் முறை.

இதில் ஒரு தற்செயல் பொருத்தமும் உண்டு. அரங்கத்துக்குப் பெயர் தந்த ரோலண்ட் காரோஸ் டென்னிஸ் வீரர் அல்லர், விமானி. தமிழ் வம்சாவளியினர் திரளாக வாழும் ரீயூனியன் தீவில் 1888 அக்டோபர் 6-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் 1918 அக்டோபர் 5-ல், முப்பது வயது நிறைவதற்கு முதல் நாள், வானில் மாண்டார். பத்தாண்டு கழித்து, 1928-ல், அவர் பெயரில் அரங்கம் எழுந்தது. அவருடைய பிறந்த நாளில் அந்த அரங்கில் பிரெஞ்சு ஓபன் நடந்துகொண்டிருந்தது 2020-ல்தான்.

நாள் மாறியதும் பந்தின் குணம் மாறியது. முதல் சில நாட்களில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தது. அடிக்கடி தூறல் வேறு. ஈரத்தில் பந்தின் மேலிருக்கும் கம்பளி இழைகள் உப்பி, செங்கல் தூளை வாரி அப்பிக்கொண்டன. ஆட ஆடப் பந்து கனத்தது, எகிறல் குறைந்தது. பந்து தயாரிக்கும் நிறுவனமும் அந்த ஆண்டுதான் மாறியிருந்தது. பாபோலா போய் வில்சன் வந்திருந்தது. புதிய பந்து மிகவும் கனமாக இருக்கிறது, தனக்குப் பாதகமான சூழல் இது என்று போட்டி தொடங்கும் முன்பே நடால் வெளிப்படையாகச் சொன்னார். முதல் நாளிலேயே பெலாரஸின் விக்டோரியா அசரென்கா, இந்தக் குளிரில் தூறலில் உட்கார்ந்திருக்க முடியாது என்று ஆட்டத்தின் நடுவே எழுந்து உள்ளே போய்விட்டார். வழக்கமான குட்டைப் பாவாடைக்குக் கீழே முழுக் காலுறை, மேலே முழுக்கைச் சட்டை என்று பலரும் குளிர்கால உடையில் ஆடினார்கள்.

வெளிச்சமும் மாறியது. ஜூன் தொடக்கத்தில் பாரிஸில் இரவு ஒன்பதரை மணி தாண்டித்தான் சூரியன் மறையும். அக்டோபரில் ஏழரை மணிக்கே இருட்டிவிடும். நல்லவேளையாக, மைய அரங்கமான பிலிப் சாத்ரியேவுக்குத் திறந்து மூடும் மேற்கூரை அந்த ஆண்டுதான் பயன்பாட்டுக்கு வந்தது. பன்னிரண்டு தளங்களில் மின்விளக்குகளும் எரிந்தன. கூரையின் கீழ் நடந்த முதல் ஆட்டத்தில் இத்தாலியின் 19 வயது யானிக் சின்னர், பெல்ஜியத்தின் டேவிட் கோஃபினை நேர் செட்களில் வென்றார். பார்வையாளர்கள் நாளுக்கு ஆயிரம் பேர் மட்டுமே. பல்லாயிரம் பேர் கூடும் வளாகம் வெறிச்சோடிக் கிடந்ததில் ரசிகருக்கு ஒரு லாபம் கிடைத்தது. ஆரவாரத்தில் அமுங்கிப்போகும் ஒலிகள் துல்லியமாகக் கேட்டன: காலணி தூளில் சரசரவென்று இழுபடுவது, நரம்பில் பந்து உரசும் சத்தம், ஈரப்பந்து தரையில் பொத்தென்று விழுவது.

குளிர் ஒரு கதவை மூடியபோது இன்னொரு கதவைத் திறந்தது. எகிறாத பந்து, டிராப் ஷாட்டுக்கு ஏற்ற பந்து. எல்லைக் கோட்டுக்குப் பின்னால் எதிராளி நின்றுகொண்டிருக்கும்போது, ஓங்கி அடிப்பதுபோல மட்டையைப் பின்னுக்கு இழுத்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டைத் தளர்த்திப் பந்தின் அடியை வருடிவிடுவதுதான் இந்த அடி. பின்சுழற்சியோடு வலையைத் தாண்டிய பந்து, விழுந்த இடத்திலேயே செத்துப்போகும். இதில் வலுவுக்கு வேலை இல்லை. மறைக்கத் தெரியவேண்டும், அளக்கத் தெரியவேண்டும். தரவரிசையில் 239-வது இடத்தில் இருந்த பிரான்சின் ஹியூகோ காஸ்டன், 20 வயது இளைஞர், உயரமும் அதிகம் இல்லாதவர். மூன்றாம் சுற்றில் 2015-ன் சாம்பியன் ஸ்டான் வாவ்ரிங்காவை இந்த நுணுக்கத்தாலேயே வீழ்த்தினார். அடுத்த சுற்றில், அமெரிக்க ஓபன் பட்டத்தோடு வந்த ஆஸ்திரியாவின் டொமினிக் தீமுக்கு எதிராக 58 டிராப் ஷாட்கள் ஆடினார். ஐந்து செட் வரை போராடித் தோற்றார். ஆனால் அந்தப் போட்டியின் பேசுபொருள் வென்றவரின் வேகத்தைவிடத் தோற்றவரின் மணிக்கட்டுதான்.

கனத்த பந்து ஆட்டங்களை நீட்டவும் செய்தது. ஐந்தாம் செட்டில் டை பிரேக்கர் இல்லாத காலம் அது. முதல் சுற்றில் இத்தாலியின் லொரென்சோ ஜுஸ்தினோ பிரான்சின் கொரன்தான் மூத்தேவை 0-6, 7-6, 7-6, 2-6, 18-16 என்று வெல்ல 6 மணி 5 நிமிடம் ஆனது. காலிறுதியில் அர்ஜென்டினாவின் டியேகோ ஷ்வார்ட்ஸ்மன் தீமை 5 மணி 8 நிமிடத்தில் வென்றார். இவை பொறுமையின் கச்சேரிகள். ஒரு ராகத்தை அவசரமில்லாமல் விரித்துக்கொண்டு போவதுபோல, புள்ளியைக் கட்டிக் கட்டி நகர்த்தும் ஆட்டம்.

மகளிர் பிரிவில் நடப்புச் சாம்பியன் ஆஷ்லி பார்ட்டி தொற்று காரணமாக வரவில்லை. களம் திறந்து கிடந்தது. அதில் நுழைந்தவர் போலந்தின் இகா ஸ்வியாடெக். வயது 19, தரவரிசை 54. முந்தைய ஆண்டு இதே அரங்கில் ருமேனியாவின் சிமோனா ஹாலெப்பிடம் 1-6, 0-6 என்று நொறுங்கியவர், இம்முறை நான்காம் சுற்றில் அவரையே 6-1, 6-2 என்று திருப்பி அடித்தார். பந்து எகிறாத சூழலிலும் அவருடைய போர்ஹேண்டின் சுழற்சி எதிராளிகளைப் பின்னுக்குத் தள்ளியது. பின்னால் தள்ளியவர்களை டிராப் ஷாட்டால் முன்னால் இழுத்தார். இறுதியில் அமெரிக்காவின் சோபியா கெனினை 6-4, 6-1 என்று வென்று, ஒற்றையரில் கிராண்ட்ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் போலந்துக்காரர் ஆனார். ஏழு ஆட்டங்களில் அவர் விட்டுக்கொடுத்தவை 28 கேம்கள். செட் ஒன்றுகூட இல்லை.

ஆடவர் இறுதி அக்டோபர் 11-ல், மூடிய கூரையின் கீழ் நடந்தது. நடாலின் எதிரே செர்பியாவின் நோவக் ஜோகோவிச். குளிர், கனத்த பந்து, காற்றில்லாத உள்ளரங்கு என எல்லாம் ஜோகோவிச்சுக்குச் சாதகம் என்றே பேச்சு. அமெரிக்க ஓபனில் தகுதிநீக்கம் ஆனதைத் தவிர அந்த ஆண்டு அவர் தோற்கவே இல்லை. நடாலோ பாரிஸுக்கு முன் செம்மண்ணில் ஆடியது ரோம் போட்டியின் மூன்று ஆட்டங்கள் மட்டுமே. அதிலும் காலிறுதியில் ஷ்வார்ட்ஸ்மனிடம் தோற்றிருந்தார்.

ஜோகோவிச் பருவத்தைச் சரியாகவே படித்திருந்தார். தொடக்கத்திலிருந்தே டிராப் ஷாட்களைத் தொடுத்தார். நடால் ஒவ்வொன்றுக்கும் ஓடி வந்து, வழுக்கி, பந்து இரண்டாம் முறை தரையைத் தொடும் முன் மட்டையை நுழைத்து எட்டாத மூலைக்குத் தள்ளினார். எகிறல் கைகொடுக்காது என்பதால் ஆழத்தையும் கோணத்தையும் நம்பினார். பேக்ஹேண்டில் குறுக்காக நீளமாக அடித்து எதிராளியை ஓரத்துக்கு விரட்டினார். முதல் செட் 6-0, இரண்டாவது 6-2. மூன்றாவதில் ஜோகோவிச் எழுந்து வந்தார். 5-5 என்ற நிலையில் அவர் தன் சர்வை இரட்டைத் தவறால் இழக்க, அடுத்த கேமில் ஒரு புள்ளியும் விடாமல் ஏஸ் ஒன்றோடு நடால் ஆட்டத்தை முடித்தார். 6-0, 6-2, 7-5. நேரம் 2 மணி 41 நிமிடம். போட்டி முழுவதும் செட் இழக்காத அவருக்கு அது அந்த அரங்கில் 100-வது வெற்றி, 13-வது பட்டம். மொத்தக் கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் 20 ஆகி, ரோஜர் பெடரரின் கணக்கைத் தொட்டன.

அடுத்த ஆண்டும் தொற்றின் நிழல் விலகாததால் போட்டி ஒரு வாரம் தள்ளி, 2021 மே 30-ல் தொடங்கியது. 2022-ல் பழைய நாட்காட்டி திரும்பியது. அந்த ஆண்டு பட்டம் வென்றவர்களும் நடாலும் ஸ்வியாடெக்கும்தான். ஸ்வியாடெக் 2023, 2024 ஆண்டுகளிலும் வென்றார். வெயிலிலும் வென்ற அதே கைகள்தான் குளிரிலும் வென்றவை. செம்மண் ஆட்டத்தில் எகிறல் பருவத்தின் கொடை. காலடியும் கணிப்பும் பொறுமையும் ஆடுபவரின் சொத்து.