கைக்கு வந்து சேராத நடுக்கம்

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே தள்ளி ஒரு பட்டறை. அதை நடத்தும் அண்ணன் முப்பது வருசமாக வண்டிகளின் வயிற்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒருநாள் காலை போயிருந்தபோது, வார்ப்பிரும்பு எஞ்சின் காலத்து என் பழைய புல்லட்டை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, உதைத்து, ஐடிலில் விட்டிருந்தார். பேக்கரியிலிருந்து டீ வந்தது. என் கிளாஸை வாங்கி நேராக அந்த வண்டியின் சீட் மேல் வைத்துவிட்டார்.

"குடிக்காதீங் தம்பி. செத்த பாருங்."

டீயின் மேல் வளையங்கள். கிளாஸ் விளிம்பில் பிறந்து நடுவுக்கு வந்து அடங்கின. அண்ணன் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினார். வளையங்கள் நெருங்கிப் பொடிந்து, மேற்பரப்பு முழுக்க ரவை தூவினாற்போல ஆனது. கிளாஸ் மெல்ல டேங்க் பக்கமாக நடக்க ஆரம்பித்ததும் பிடித்துக்கொண்டார். பிறகு அதே கிளாஸை, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார். இங்கே எல்லாம் தலைகீழ். ஐடிலில் டீ மொத்தமாகத் தளும்பியது, பஸ்ஸில் கொண்டுபோகும் சொம்புத் தண்ணீர் மாதிரி. ஆக்சிலேட்டரைத் திருகியதும் அடங்கிவிட்டது. மேலே மெல்லிய ஆடை படிகிற அளவுக்கு அமைதி.

இரண்டிலும் ஒற்றை சிலிண்டர்தான், பிஸ்டன் ஏறி இறங்கும் விதமும் ஒன்றுதான். எஞ்சினை வண்டியோடு சேர்த்த விதம்தான் வேறு. கொஞ்ச நாளாக எனக்கு இந்தச் சேர்மானத்தின் மேல்தான் கிறுக்கு. குதிரைசக்தியைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, மவுண்டிங் போல்ட்டைப் பற்றிப் பேச ஆளே கிடையாது.

முதலில் புல்லட். ரெட்டிச் நகரத்தில் பிறந்த இந்த வண்டி 1955-லிருந்து சென்னையில் தயாராகி, திருவொற்றியூர்க்காரனாகவே மாறிப்போன கதை எல்லாருக்கும் தெரியும். அதன் பழைய சேசிஸை எஞ்சின் இல்லாமல் வெறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. முன்பக்கம் இறங்கும் ஒற்றைக் குழாய் பாதியிலேயே நின்றுவிடும், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில் எஞ்சினை வைத்து, முன்னும் பின்னும் தகடு போட்டு முடுக்கினால்தான் சேசிஸ் முழுமையாகிறது. வண்டியின் எலும்பில் பாதி அந்த எஞ்சின்தான். சிலிண்டர் தலையிலிருந்து மேல்குழாய்க்கு ஒரு சின்ன இரும்புக் கை போகிறதே, ஹெட் ஸ்டெடி, அது எஞ்சின் தலையாட்டாமல் பிடித்துக்கொள்கிறது. ரப்பர் எங்கும் கிடையாது. உள்ளே 70 மில்லிமீட்டர் அகல பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் போய்வருகிறது. அது போய்வருவதை ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், சீட் என்று மூன்று வழியில் உங்களுக்குத் தந்தி அடிக்கிறார்கள்.

ஆனாலும் மெதுவாகப் போகும்போது இந்தத் தந்தி இனிக்கத்தான் செய்கிறது. பிஸ்டனின் எடை தரும் உதை, சுற்றின் வேகத்துக்கு வர்க்க விகிதத்தில் கூடும். சுற்று இரண்டு மடங்கானால் உதை நான்கு மடங்கு. காரமடைத் தேருக்குப் போகும் வேகத்தில் புல்லட் தாலாட்டும், பஸ்ஸை முந்தப் போனால் பல்லைக் கிட்டவைக்கும். வண்டியில் கோளாறு ஏதுமில்லை, கணக்கே அப்படித்தான்.

இந்த உதையை அடக்க கிராங்கில் எதிரெடை வைப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம். பிஸ்டனின் எடை முழுவதுக்கும் ஈடாக எதிரெடை வைத்தால் மேல்கீழ் உதை நின்றுபோகும், அதே அளவு உதை முன்பின்னாகக் கிளம்பும். ஆகவே ஏறக்குறைய பாதிக்கு மட்டும் ஈடுசெய்து, மீதியைச் சுற்றிச் சுழல விடுகிறார்கள். நடுக்கம் ஒழியாது, திசைதான் மாறும். எந்தத் திசையில் சேசிஸ் வலுவாக இருக்கிறதோ அந்தத் திசைக்கு மீதியைத் தள்ளிவிடுவது டிசைன்காரரின் கைப்பக்குவம். இட்லி மாவுக்கு உளுந்து எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு இருப்பதுபோல இதற்கும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு உண்டு.

ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் இரண்டு குழாய்கள் ஓடி அதை ஏந்திக்கொள்கின்றன. தொட்டில் சேசிஸ் என்று பெயர். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு நான்கு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. நூறு சிசிக்கும் குறைந்த பிஸ்டன், எடை சொற்பம், உதையும் சொற்பம், ரப்பர் தேவைப்படவில்லை. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நல்ல வண்டிகள் சில இப்படிப் பேச்சே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி ரப்பர். அண்ணன் டப்பாவிலிருந்து ஒரு சைலன்ட் பிளாக்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சின்ன இரும்புக் குழாய், அதைச் சுற்றிக் கறுப்பு ரப்பர், அதற்கு வெளியே இன்னொரு இரும்பு வளையம். ரப்பரை உள்ளேயும் வெளியேயும் இரும்போடு சுட்டு ஒட்டியிருக்கிறார்கள். எங்கும் வழுக்கல் இல்லை, அதனால் எண்ணெயும் வேண்டாம், சத்தமும் இல்லை. கூர்ந்து பார்த்தால் ரப்பரில் இரண்டு பக்கம் பிறைபோல வெட்டு தெரிந்தது. வெட்டு இருக்கும் திசையில் அமுக்கினால் இளகிக் கொடுத்தது, குறுக்கே அமுக்கினால் முறைத்துக்கொண்டு நின்றது. எந்தப் பக்கம் இளக வேண்டும், எந்தப் பக்கம் விறைக்க வேண்டும் என்பது அந்தப் பிறைக்குத் தெரிந்திருக்கிறது. கட்டைவிரல் அகலப் பொருளில் இவ்வளவு யோசனை.

ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ஒரே துண்டு. அந்த மொத்தத் துண்டும் இப்படிப்பட்ட புஷ்கள் வழியாகத்தான் உடம்போடு தொங்குகிறது. ரப்பருக்கு என்று இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பதுபோல. ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் பெருகும். அதைவிட வெகு வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் சட்டை செய்யாது. கணக்குப்படி, எஞ்சினின் துடிப்பு ரப்பரின் இயல்பு வேகத்தைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் ரப்பர் காக்கத் தொடங்கும். இயல்பு வேகம் நொடிக்கு 12 ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றைத் தாண்ட வேண்டும். ஐடிலில் டீ தளும்பியதும் பிறகு அடங்கியதும் இதனால்தான். சாவியைத் திருப்பி அணைக்கும்போது ஸ்கூட்டர் கடைசியாக ஒருதரம் குலுங்கி நிற்கிறதே, அப்போது சுற்று இறங்கும் வழியில் அந்தப் 12-ஐக் கடந்து போகிறது. இது தெரிந்த பிறகு நான் தினமும் வண்டியை அணைக்கும்போது அந்தக் குலுங்கலுக்காகக் காத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒருமுறை என் பழைய ஸ்கூட்டரில் எஞ்சினைத் தொங்கவிடும் ஹேங்கர் புஷ் தேய்ந்து, வளைவுகளில் பின்பக்கம் நெளிந்தது. வேறொரு பட்டறையில், ரப்பர் எல்லாம் எத்தனை நாள் வரும் என்று சொல்லி லேத்தில் நைலான் புஷ் கடைந்து போட்டுக் கொடுத்தார்கள். கோயமுத்தூரில் லேத்துக்கு என்ன பஞ்சம்? நெளிவு அன்றே நின்றது. வடமதுரை தாண்டுவதற்குள் கால்வைக்கும் தட்டு முழுக்கத் தேனீக்கூடாக இரைந்தது, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. அண்ணன் அதைக் கழற்றி மேசை மேல் போட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "கடைசல் நல்லா இருக்குதுங். இடந்தான் தப்பு."

ரப்பரின் இந்தக் குணத்தை மோட்டார் சைக்கிளில் உச்சத்துக்குக் கொண்டுபோனது 1967-ல் லண்டன் கண்காட்சியில் வந்த நார்ட்டன் கமாண்டோ. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் 750 சிசி எஞ்சின், உதறலுக்குப் பேர்போனது. எஞ்சினை மட்டும் ரப்பரில் தொங்கவிட்டால் செயின் இழுக்கும்போது எஞ்சின் கோணும். ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டையே ரப்பரில் தொங்கவிட்டார்கள். ஐசோலாஸ்டிக் என்று பெயர் வைத்தார்கள். ஐடிலில் முன்சக்கரம் சாமி வந்ததுபோல ஆடும், வேகம் எடுத்தால் பட்டு.

மேல்கீழாக எவ்வளவு ஆடினாலும் சரி, பக்கவாட்டில் ஆடக்கூடாது. ஆடினால் பின்சக்கரம் தானாக வழி தேடும். அதற்காக ரப்பரின் இரு ஓரத்திலும் மெல்லிய தகட்டு வாஷர் வைத்து இடைவெளியைச் சரிசெய்வார்கள். இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, கால் மில்லிமீட்டர். அதைவிடக் கூடினால் வளைவில் வண்டி நெளியும், குறைந்தால் நடுக்கம் கைக்கு வந்துவிடும். சௌகரியத்துக்கும் பத்திரத்துக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்தான். அந்த நார்ட்டன் கம்பெனியை 2020 ஏப்ரலில் ஓசூர் டிவிஎஸ் வாங்கியது நம்மவர்களில் பாதிப்பேருக்கு இன்னும் தெரியாது.

மூன்றாவது வழி, நடுக்கத்தைப் பிறந்த இடத்திலேயே கிள்ளுவது. கிராங்க் ஒரு பக்கம் சுற்ற, அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்றும் எடைத்தண்டு ஒன்றை வைத்தால், சுழல விட்டிருந்த அந்த மீதிப் பாதியும் அழிந்துவிடும். இதுதான் பேலன்சர். ராயல் என்ஃபீல்டு 2020-ல் மீட்டியாரிலும் 2021-ல் கிளாசிக்கிலும் கொண்டுவந்த 349 சிசி எஞ்சினில் இருப்பது இதுதான். அதில் டீ கிளாஸ் வைத்தால் வளையம் வரும், ஆனால் கிளாஸ் நடக்காது. மிச்சமிருப்பது சுற்றுக்கு இருமுறை வரும் இரண்டாம்படி நடுக்கம், முதலாவதில் ஏறக்குறைய கால்பங்கு. ஃபுட்ரெஸ்ட் ரப்பரே அதை விழுங்கிவிடும்.

நடுக்கத்தோடு பழகுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸின் நூற்பு இயந்திரங்களில் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்கு 20,000 சுற்றைத் தொடும். அவற்றின் அடித்தாங்கியில் எண்ணெய் உட்கார்ந்து ஆட்டத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். 1975-ல் தொழில் தொடங்கிய பிரிக்கால் இதே பெரியநாயக்கன்பாளையத்தில்தான் வண்டிகளுக்கு ஸ்பீடாமீட்டர் செய்கிறது. டிஜிட்டலுக்கு முந்தைய வண்டிகளில் அந்த முள்தான் என் முதல் சாட்சி. எந்த வேகத்தில் முள் ஒற்றைக் கோடாக நிற்கிறது, எந்த வேகத்தில் விசிறியாக விரிகிறது என்று பார்த்தாலே மவுண்டிங்கின் ஜாதகம் தெரிந்துவிடும். மாவரைக்கும் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்களேன், காலடி ரப்பர் ஒன்று கழன்றால் சமையலறையில் நடைபழகும். அம்மாக்கள் பழைய துணியை மடித்துச் செருகி நிறுத்துவார்கள். ஐசோலாஸ்டிக்கின் கொங்கு வடிவம்.

எது உசத்தி என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். தினம் துடியலூர் நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு பேலன்சர் தண்டு. கல்லாறு தாண்டிக் குன்னூர் மலையில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவருக்கும் அதுவே. சுற்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் ரப்பருக்குப் பிடித்த வேகமும் பிடிக்காத வேகமும் மாறி மாறி வரும். ஒரே சீரான வேகத்தில் நாளெல்லாம் ஓட்டுகிறவருக்கு ரப்பர் சொர்க்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்பதில், கோவனூர் வழியாகப் பாலமலை அடிவாரம் வரை போய்வர எனக்கு அந்தப் பழைய புல்லட் போதும். அந்த வேகத்தில் அது பேசும், கத்தாது.

நீங்களும் ஒரு நீண்ட ஓட்டம் முடித்து இறங்கியதும் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். குறுகுறுப்பு இருந்தால் புதுக் கைப்பிடி உறை வாங்க ஓடாதீர்கள். முதலில் மவுண்டிங் போல்ட்டுகளில் ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள். டீ கிளாஸ் நடந்த அன்றைக்கு என் புல்லட்டின் ஹெட் ஸ்டெடி போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது.